காதுக்காரக்கா சரி சொல்லணும்

சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். சொல்லாமல் இந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அது வெறும் சத்தம்தான். பின் சக்கரங்களுக்கு நடுவிலிருந்து வருகிற ஒரு முனகல், என் காதில் மட்டும் இருக்கிற முனகல். இவர் கை தவறாது. இத்தனை வருஷத்தில் தவறியதே இல்லை. அப்படியானால் தவறியது என் காதாக இருக்க வேண்டும். இருக்கட்டுமே. கடவுளே, என் காதாகவே இருக்கட்டும்.

– ஏம்மா, உன்னைத்தான். இறங்கப் போறியா, இல்ல வண்டிக்குள்ளயே குடித்தனம் வைக்கப் போறியா?

– இறங்கறேன்.

– இறங்கறேன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா? டீ வாங்கி வெச்சு ஆறிப்போச்சு.

– இன்னொரு சுத்து போய்ட்டு வரட்டுமாங்க?

– ரெண்டு சுத்து போயாச்சு. நான் கட்டுவேன், நீ ஒரு சுத்து ஓட்டுவ, சரின்னு சொல்லுவ, வண்டி போகும். பட்டறை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவ்ளோதான் விஷயம். இன்னிக்கு என்ன புதுசா மூணாவது சுத்து?

– சும்மாதான்.

– சும்மா சுத்தறதுக்கு இது என்ன நம்ம வண்டியா? டிரைவர் தம்பி சாப்ட்டுட்டு வந்து நிப்பான். இறங்கு, கதவ நான் புடிச்சுக்கறேன். மகாராணி இறங்கட்டும்.

– வெயில்ல நிக்காதீங்க. உள்ள போங்க.

– பேச்ச மாத்தாத. என்ன கேட்டுச்சு?

– காத்து அடிச்சுது. கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ஓட்டினேன்.

– நீ எந்தக் காலத்துல ஏத்தி விட்டு ஓட்டியிருக்க? ஏத்துனா சத்தம் வெளியவே நின்னுடும்னு நீதானே சொல்லுவ.

– ம்.

– ம்னா?

– ஒரு முனகல் இருக்குங்க.

– எங்க?

– பின்னாடி.

– பின்னாடின்னா ஊரே இருக்கு பின்னாடி. இடத்தச் சொல்லு.

– பின் அச்சு நடுவுல, கிரவுன் கூட்டுலங்க. நேத்து நீங்க பிரிச்சுக் கட்டினீங்களே, அதுக்குள்ள.

– டயரா இருக்கும். அவன் பின் டயரப் பாத்தியா? வழுக்கத் தலையெல்லாம் தோத்துடும்.

– டயர் சத்தம் ரோடு மாறினா மாறும். மண் ரோட்டுல போனேன், தார் ரோட்டுல போனேன். ரெண்டுலயும் இது ஒரே மாதிரிதான் இருந்துது. அதுக்குத்தான் ரெண்டாவது சுத்து.

– புது பேரிங்கும்மா. புதுச் செருப்பு வாங்கினா நாலு நாளு கடிக்குமா கடிக்காதா?

– செருப்பு கடிக்கும். முனகாது.

– அட, வாயப் பாரு.

– ஆக்சிலேட்டர அழுத்தினாலும் முனகுது, கால எடுத்தாலும் முனகுது. பல்லு சரியாப் பொருந்தலன்னா ஏதாவது ஒண்ணுலதான் வரும், ரெண்டுலயும் வந்தா பேரிங்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க.

– ஆயில் புதுசு. கெட்டியா இருக்கும்.

– ஆயில் கெட்டியா இருந்தா ஓட்ட ஓட்டக் குறையணும். இது கூடிக்கிட்டே வருது. மொதல்ல தூக்கத்துல கொழந்த முனகற மாதிரி இருந்துது. பட்டறைக்குத் திரும்பும்போது அப்படி இல்ல.

– எப்படி இருந்துது?

– முழிச்சுக்கிட்ட மாதிரி.

– நீ ஒரு பயந்தாங்கொள்ளி. வீட்ல பல்லி கத்தினாகூட மூணு நாளு யோசிப்ப.

– ஆமா, பயந்தாங்கொள்ளிதான். அதனாலதான என் கைல சாவியக் குடுக்கறீங்க.

– சரி. நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. பேரிங் டைட்டா இருந்தா கூடு என்ன ஆகும்?

– சூடாகும்.

– கைய வைக்க முடியாத சூடு ஆகும். ஆகுமா? அவ்ளோதான் விஷயம். இரு, நான் கீழ போய்ட்டு உனக்குக் காட்டறேன். சாக்கப் போடு.

– வேண்டாங்க. நான் தொட்டுப் பாத்துட்டேன்.

– எப்போ?

– நிறுத்தினதும். நீங்க டீக்கடைக்காரர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க. விரல வெச்சேன், வைக்க முடியல. திரும்ப ஏறி உக்காந்துட்டேன்.

– சைலன்சர் குழாயத் தொட்டிருப்ப. நகரு, நான் போறேன். குனிஞ்சு பாரு. தெரியுதா? இது சின்னப் பல்லுச் சக்கரம் இருக்கற எடம், பினியன் பக்கம். பேரிங் இதுக்கு உள்ளதான் இருக்கு. வெச்சிருக்கேன் பாரு, உள்ளங்கைய முழுசா. சூடு இருந்தா வைப்பனா? மழைல நனஞ்ச கல்லு மாதிரி இருக்கு.

– கைய எடுங்க.

– ஏன்?

– எடுங்க.

– ஒண்ணுமே இல்லம்மா, பாரு, வெச்சுக்கிட்டே பேசறேன்ல. இன்னும் நல்லா அழுத்தி வேணும்னா—

– என்னங்க, தோலு சுருங்குது. எடுங்கன்னு சொல்றேன்.

– என்னது?

– உங்க கைங்க. கையப் பாருங்க.

– இரு, எடுத்துட்டேன்.

– வெளிய வாங்க. மெதுவா. தலைய இடிச்சுக்காதீங்க. காட்டுங்க கைய.

– ஒண்ணுமில்ல. கிரீஸ் ஒட்டியிருக்கு.

– காட்டுங்க. கடவுளே. வாங்க, இந்த வாளிக்குள்ள விடுங்க. முழுசா விடுங்க, மணிக்கட்டு வரைக்கும்.

– இதுக்குப் போய்.

– வலிக்குதா?

– விடும்மா.

– வலிக்குதான்னு கேக்கறேன்.

– வலிக்கல.

– இதுக்கு வலிக்கணுங்க.

– எனக்கு மேல்தோலு கெட்டி. சின்ன வயசுலேர்ந்து இரும்போட கெடக்கறவன்.

– போன வருஷம் சாம்பார்க் கரண்டி பட்டதுக்கு வீட்டையே ரெண்டு பண்ணீங்க. அப்போ இருந்த தோலுதான இது?

– நீ இப்ப என்ன சொல்ல வர்ற?

– நான் ஒண்ணும் சொல்ல வரல. எப்போலேர்ந்துன்னு கேக்கறேன்.

– எது எப்போலேர்ந்து?

– சட்டப் பொத்தான கண்ணாடி முன்னாடி நின்னுதான் போடறீங்க. சாப்பிடும்போது டிவி பாக்கறதில்ல, கையையே பாத்துக்கிட்டு சாப்பிடறீங்க. அன்னிக்கு ஒரு நட்டக் காணும்னு தரையெல்லாம் தேடினீங்க. நட்டு உங்க விரலுக்கு நடுவுலயே இருந்துது. நான் சிரிச்சேன்.

– நானும்தான் சிரிச்சேன்.

– நான் நீங்க தமாசு பண்றீங்கன்னு சிரிச்சேன். நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?

– நீ சிரிச்ச. அதனால.

– கைய வெளிய எடுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

– போன மழைக்காலத்துலேர்ந்து. மொதல்ல கால்ல இருந்துது. செருப்பு கழண்டு போனாலும் தெரியாது, கொஞ்ச தூரம் நடந்துட்டுத் திரும்பி வந்து எடுப்பேன். அப்புறம் கைக்கு வந்துடுச்சு.

– டாக்டர்?

– சர்க்கரையாம். நரம்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தூங்கிப் போகுதாம்.

– என்கிட்ட மருந்த மாத்திட்டாருன்னு மட்டும் சொன்னீங்க.

– மருந்தையும்தான் மாத்தினாரு.

– திரும்ப முழிக்குமா அது?

– இருக்கறதக் காப்பாத்திக்கலாம்னாரு. போனதப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

– நேத்து பினியன் நட்ட எப்படிங்க இறுக்கினீங்க?

– எப்பவும் மாதிரிதான்.

– எப்பவும்னா, கொஞ்சம் இறுக்கிட்டு ரெண்டு விரலால சுத்திப் பாப்பீங்க. பதம் பாக்கறதுன்னு சொல்லுவீங்க. தேன்ல கரண்டி சுத்தற மாதிரி இருக்கணும். தண்ணில சுத்தற மாதிரி இருந்தா லூசு, தாருல சுத்தற மாதிரி இருந்தா டைட்டு. நேத்து எது?

– நீ போலீஸ்ல சேந்திருக்கணும்.

– தேனா, தாரா?

– தெரியல.

– தெரியலன்னா?

– ஒண்ணுமே தெரியலம்மா. விரல் சுத்தறதக் கண்ணால பாத்தேன். சுத்துது. அவ்ளோதான். தேனும் இல்ல, தாரும் இல்ல. வேற எவனோ சுத்தறத நான் பக்கத்துல நின்னு வேடிக்க பாக்கற மாதிரி இருந்துது.

– அப்புறம் எந்த எடத்துல நிறுத்தணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?

– தோள வெச்சு. ரெஞ்ச இழுக்கும்போது தோள்ல பாரம் தெரியும்ல. லூசா விட்டுடக் கூடாதேன்னு பயம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இழுத்தேன்.

– கூட இழுத்துட்டீங்க.

– இழுத்திருப்பேன்.

– இப்போ நட்ட லூசு பண்ணி விட முடியாதா?

– முடியாதுன்னு உனக்கே தெரியும். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு வளையம் இருக்குல்ல. இறுக்க இறுக்க அது நசுங்கி எடம் விடும். பதத்தத் தாண்டி நசுங்கிட்டா போச்சு, திரும்ப விரியாது. எல்லாத்தையும் பிரிச்சு, வேற வளையம் போட்டு, மொதல்லேர்ந்து கட்டணும்.

– முள்ளு வெச்ச ரெஞ்சு இருக்கேங்க. பதத்த முள்ளே காட்டுமே. பிரிக்காத பெட்டி, பீரோ மேல கெடக்கு.

– நான் முள்ளப் பாத்துக் கட்டறவன் இல்ல.

– தெரியும்.

– எதிர்ப் பட்டறைல இருக்கறவன் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான் பாத்துக்கிட்டு இருக்கான். நான் அந்தப் பெட்டியத் திறந்தேன்னு வெச்சுக்க, மாஸ்டருக்குக் கை போச்சுன்னு அன்னிக்கே மெயின் ரோடு வரைக்கும் போய்டும்.

– போச்சுல்ல.

– என்னது?

– ஒண்ணுமில்ல.

– சொல்லிட்டு ஒண்ணுமில்லங்கற.

– திட்டுங்களேன். இந்நேரம் ஒரு ஸ்பேனரயாவது தூக்கிப் போட்டிருப்பீங்க. நீங்க கோவப்படுவீங்கன்னு நான் பயந்துக்கிட்டேதான் வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன். இப்போ கோவப்படாம இருக்கீங்களே, அதத்தான் என்னால பாக்க முடியல.

– ஒரு உண்மையச் சொல்லட்டுமா?

– இன்னும் இருக்கா?

– நீ இருக்கேங்கற தைரியத்துலதான் கட்டினேன். தப்பா இருந்தா நீ கேட்டுடுவ. கரண்டு போனா சுவரத் தடவிக்கிட்டே நடப்போம்ல. அந்த மாதிரி இத்தன நாளா உன்னைப் புடிச்சுக்கிட்டு நடக்கறேன்.

– சுவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் புடிச்சிருக்கலாம்.

– சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?

– இத்தன நாளான்னா? மழைக்காலத்துலேர்ந்து கட்டின வண்டியெல்லாம்?

– எல்லாம் நல்லாத்தான் ஓடுது.

– அந்தப் பால் வண்டி?

– ஓடுது.

– வாத்தியார் வண்டி? பின் சீட்ல ரெண்டு பொண்ணுங்க உக்காந்துக்கிட்டுப் போகுமே.

– எல்லாம் நீ ஓட்டிப் பாத்து சரின்னு சொன்ன வண்டிங்கதானேம்மா.

– அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

– நீ கேட்டிருந்தா சொல்லியிருப்ப.

– இருந்திருந்தா கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்ல? எனக்கு இப்போ எதுவும் நிச்சயமா இல்ல. அந்த வாத்தியார் வண்டிய ஓட்டின அன்னிக்கு வெளிய நல்ல மழை.

– உன்ன நீயே கொழப்பிக்காத.

– சரி. இப்ப இந்த வண்டி. டிரைவர் தம்பி வந்ததும் என்ன சொல்றது?

– யோசிச்சுட்டேன். நீ வழக்கம்போல சரின்னு சொல்லிடு. இரு, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத, முழுசாக் கேளு. புதுசாக் கட்டின கிரவுனுக்கு மொத ஓட்டம் முடிஞ்சதும் ஆயில மாத்தணும், தூளெல்லாம் கழுவிட்டுப் போகும். எல்லாருக்கும் சொல்றதுதான். அவன நாளைக்குக் காலைலயே ஆயில் மாத்த வரச் சொல்றேன். வந்ததும் வெளிய எங்கயாவது அனுப்பிட்டு உள்ள வெச்சு பிரிச்சுக் கட்டிடலாம். அந்த முள்ளு ரெஞ்சே வேணும்னாலும் எடுக்கறேன். ஒருத்தருக்கும் தெரியாது. அவ்ளோதான் விஷயம்.

– இன்னிக்கு அவன் மலைக்குப் போறான்.

– போவான்.

– மேல ஹோட்டலுக்குத் துணி வெளுக்கப் போற பொம்பளைங்கள ஏத்திக்கிட்டுப் போறான். பின்னாடி, மூட்டைங்க மேல உக்காந்துக்கிட்டு.

– ஏறும்போது ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது கியர்ல ஊந்துக்கிட்டுப் போவான்.

– இறங்கும்போது?

– மெதுவா இறங்குன்னு சொல்லி அனுப்பறேன்.

– பினியன் புடிச்சுக்கிச்சுன்னா என்னங்க ஆகும்?

– தெரிஞ்சுக்கிட்டே கேக்கறியா?

– உங்க வாயால கேக்கணும். இத நான் ஒருத்தியே மனசுல வெச்சுக்கிட்டு நிக்க முடியல.

– பேரிங் சூட்டுல வீங்கும்.

– ம்.

– வீங்கி பினியனக் கவ்வும். பின் சக்கரம் ரெண்டும் ஒரே நேரத்துல நிக்கும்.

– ஓட்டறவன் பிரேக் போடலன்னாலும்?

– போடலன்னாலும். அவன் கால் எங்க இருக்குங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வண்டியோட பின்பக்கம் முன்ன வரப் பாக்கும்.

– எந்தப் பக்கமா வரும்?

– அதெல்லாம் ரோடப் பொறுத்தது.

– அந்த ரோட்டுல ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் என்னங்க இருக்கு?

– போதும்மா.

– நாம ஒரு தடவ போனோமே. கீழ ஆறு தெரியுதுன்னு எனக்குக் காட்டினீங்க. நூலு மாதிரி இருக்கு பாருன்னு சொன்னீங்க.

– போதும்னு சொல்றேன்ல.

– அவன்கிட்ட பேரிங் மோசம்னு சொல்லி வண்டிய நிறுத்திடுங்க.

– பேரிங் வாங்கிட்டு வந்ததே அவன்தான். அவன் மச்சான் கடை. மோசம்னு சொன்னேன்னா அடுத்த நிமிஷம் மச்சானக் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்துவான், என் கண்ணு முன்னாடி பிரின்னுவான். பிரிச்சா சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், எவனோ கண்ணு தெரியாம இறுக்கியிருக்கான்னு.

– தெரியட்டுமேங்க.

– தெரிஞ்சா? இந்தப் பட்டறைல அப்புறம் நான் யாரு? வர்றவனுக்கு ஸ்டூல் எடுத்துப் போடறவனா?

– பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, நான் கட்டறேன். முள்ள நான் பாத்துக்கறேன்.

– நீ கட்ட, நான் சொல்ல. ரொம்ப நல்லா இருக்கும். ஊரு கை கொட்டிச் சிரிக்கும்.

– சிரிச்சுட்டுப் போகட்டும். சிரிக்கறதுக்கு ஊருல ஆளு இருக்கட்டும்.

– உனக்கு என் மேல இரக்கமே இல்லயா?

– உங்க மேல இருக்கற இரக்கத்துலதான் இவ்வளவு நேரமா வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன். இரக்கப்பட்டு ஒரு சரி சொல்லிடலாமான்னு பாத்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துது.

– அப்ப சொல்லேன்.

– பயமா இருக்குங்க.

– யாரப் பாத்து?

– எல்லாரையும். உங்களையும்.

– அக்கா. ஓய், காதுக்காரக்கா. உள்ள இருக்கீங்களா?

– டிரைவர் தம்பி வந்துட்டாம்மா.

– வரட்டுங்க.

– இங்க பாரு. சரின்னு சொல்ல மாட்ட, விடு. வேற ஒண்ணு கேக்கறேன். உனக்குச் சளி புடிச்சு காது அடைச்சிருக்குன்னு சொல்லிடறேன். காது திறக்கற வரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும்னு சொல்லிடறேன். வண்டியும் மலைக்குப் போகாது, என் கையும் தப்பிச்சுக்கும்.

– என் காது?

– காது அடைக்கறது ஒரு தப்பா? ரெண்டு நாள்ல திறந்துக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கை திறந்துக்காதும்மா.

– எனக்குப் பொய் சொல்ல வராது. நான் சொன்னா மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்.

– நீ வாயே திறக்க வேண்டாம். நான் பேசிக்கறேன். நீ சும்மா நில்லு, அது போதும். இந்தத் துணிய கைல சுத்து, சீக்கிரம்.

– மெதுவா இருங்க, கொப்புளம் உடஞ்சுடும்.

– உடஞ்சா உடையட்டும். எனக்கா தெரியப் போகுது?

– என்ன மாஸ்டர், புருஷனும் பொண்டாட்டியும் வாளிக்குப் பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க? நான் வேணும்னா அப்புறமா வரட்டுமா?

– வாப்பா தம்பி. சாப்ட்டாச்சா?

– ஆச்சு மாஸ்டர். கைல என்ன கட்டு?

– ரேடியேட்டர் மூடியத் திறந்தேன். ஆவி அடிச்சுடுச்சு.

– உங்களுக்கேவா? எங்களத் திட்டுவீங்க. சரி, ஒரே வார்த்த, அக்கா. அந்த வார்த்தயச் சொன்னீங்கன்னா பறந்துடுவேன். ரோட்டு முனைல பொம்பளைங்க எல்லாம் மூட்டையோட உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க.

– அவகிட்ட கேக்காதப்பா. காது அடைச்சிருக்கு அவளுக்கு.

– அய்யய்யோ. அக்காவுக்கா? பாடகிக்குத் தொண்ட கட்டின மாதிரி இருக்கே மாஸ்டர்.

– சளி. வண்டிய ஓட்டிப் பாத்தா, ஒண்ணும் கேக்கலங்கறா. கேக்காம எப்படிச் சரி சொல்ல முடியும்? அதனால ரெண்டு நாளு வண்டி இங்கயே நிக்கட்டும்.

– ரெண்டு நாளா? விளையாடாதீங்க மாஸ்டர். ஏற்கெனவே ஹோட்டல்காரன் வேற வண்டி பாத்துக்கறேன்னு குதிக்கறான். இன்னிக்கு மேல போகலன்னா எனக்கும் வேல போச்சு, அந்தப் பொம்பளைங்களுக்கும் வேல போச்சு. ஒருத்தி கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா, விட்டுட்டு வர ஆளில்லன்னு.

– கொழந்தையுமாப்பா?

– அவ கெடக்கறா. ஒரே வார்த்த கேக்கறேன் மாஸ்டர், அக்கா காது எதுக்கு? உங்க கை செஞ்சது சரியா இருக்கான்னு பாக்கத்தான?

– ஆமா, அது வழக்கம்.

– உங்க கை என்னிக்குத் தப்பு பண்ணியிருக்கு? நாங்க டிரைவருங்கல்லாம் பேசிக்குவோம், அந்த அக்காவ ஓட்டச் சொல்றது சும்மா மாஸ்டர் அக்காவுக்கு ஒரு ரவுண்டு காட்டறதுக்குன்னு. எனக்குக் காது வேண்டாம், கை போதும்.

– அப்படி இல்லப்பா. புதுசாக் கட்டினது. ஒரு தடவ பாத்துட்டா நல்லது.

– நாளைக்குப் பாத்துக்கலாம். இல்ல, எதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க. உங்க கை மேல உங்களுக்கே சந்தேகமா?

– என் கை மேலயா?

– ஆமா.

– என் கை மேல என்ன சந்தேகம்.

– அப்ப முடிஞ்சுது. அவ்ளோதான் விஷயம்னு நீங்க சொல்ற மாதிரி. சாவி எங்க?

– அவகிட்ட.

– அக்கா, சாவி. சாவி, அக்கா. கேக்குதா? கையால காட்டறேன் பாருங்க, இப்படி, சாவி.

– என்னங்க.

– ம்.

– அவன் கேக்கறான்ங்க.

– குடுத்துடும்மா. தம்பி, மெதுவா இறங்கணும், புரியுதா? இறக்கத்துல மெதுவா. நாளைக்குக் காலைல மொத வேலையா ஆயில் மாத்தக் கொண்டா.

– கொண்டாந்துடறேன் மாஸ்டர். அக்காவுக்கு இன்னும் காதுல விழல போலருக்கே, கைய மூடிக்கிட்டே நிக்கறாங்க. நீங்க கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

– சாவியக் குடுன்னு சொல்றேன்ல.

– கத்தாதீங்க. தம்பி, எனக்குக் காதெல்லாம் அடைக்கல. எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு. சாவி என்கிட்டயே இருக்கட்டும்.